நாலாம் கட்டில்காரரு

வேண்டாமுங்க, நீங்க சாப்புடுங்க. எனக்கு ஆச்சுங்க. தங்கச்சி தக்காளிச் சோறு கட்டிக் குடுத்தா, தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்தே முடிச்சுட்டேன். நீங்க கூச்சப்படாம சாப்புடுங்க. பஸ்ஸுல சாப்புடறதுல என்ன இருக்குது. இந்தப் பையைச் சித்தெ நகத்தி வெச்சுக்கறேன், நீங்க காலை நீட்டிக்கங்க.

ஆமாங்க, பையில போட்டிருக்கறது எங்க காலேஜ் பேருதான். நர்சிங் காலேஜ், ஈரோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்குது. நான் அங்க டீச்சருங்க. நவமணி மேடம்னா எல்லாருக்கும் தெரியும். இப்ப லீவுல இருக்கறேன். தங்கச்சி ஊட்டுலதான் இருக்கறேன். இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு விசாரணை, அதுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அது கெடக்குதுங்க.

உங்க அண்ணன் பொண்ணைச் சேக்கறதுக்குப் பாத்துட்டிருக்கீங்களா? சேருங்க, நல்ல படிப்பு. நோட்டீஸ் வந்திருக்குமே ஊட்டுக்கு, கம்ப்யூட்டர் விளையாட்டு வழியா நர்சிங் பயிற்சின்னு பெருசா படம் போட்டு? அது நான் கொண்டாந்ததுங்க. நான்னா நானே எழுதுனது இல்ல, கோயமுத்தூருல இருந்து ரெண்டு பசங்க வந்து பண்ணிக் குடுத்தாங்க. ஆனா என்ன இருக்கணும், என்ன இருக்கக்கூடாதுன்னு ஒண்ணொண்ணும் நாஞ் சொன்னது. கேம் இன்சார்ஜுன்னு எனக்குத் தனியா ரூம் குடுத்தாங்க. ஏசியெல்லாம் போட்டு.

கேம் வெளையாண்டா ஊசி போடப் பழகிருமான்னு கேக்கறீங்க. எல்லாரும் இதைத்தானுங்க கேக்கறாங்க. எங்கூட்டுக்காரரும் கேட்டாரு. "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ டிவி பொட்டிக்குள்ள சொரக்கா காய்க்க வெக்கறே"ன்னாரு. அவரு அப்படித்தான் எதுனாச்சும் சொல்லிட்டே இருப்பாரு. கரண்டாபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டேரானவரு. சென்னியப்பன்னு பேரு.

நான் சொல்றேன் கேளுங்க. எங்க காலேஜுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி இருக்குது, ஒரே காம்பவுண்டுக்குள்ள. கட்டில் நெறைய இருக்குது, ஆளுதான் இல்ல. ஒரு நோயாளி வந்து படுத்தா அவரைச் சுத்தி இருவது புள்ளைக நோட்டோட நிக்கும். ஒருத்தி நாடி பாத்துட்டுப் போனா அடுத்தவ கையைப் புடிப்பா. ஒரு பெரியவரு, "ஏம்மா, நான் சீக்குக்காரனா, சந்தைல வித்துட்டிருக்கற தக்காளியா, ஆளாளுக்கு அமுக்கறீங்க"ன்னு கேட்டே போட்டாரு. அந்தக் கஷ்டத்துக்குத்தானுங்க இந்தக் கேம். அதுல ஆளுக்கு ஒரு வார்டு. ஆறு கட்டில், ஆறு நோயாளி. வெள்ளைச் சட்டை போட்டுட்டு ஒரு நர்ஸம்மா நடுவுல நிக்கும், அதுதான் நீங்க. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலயும் ஒரு லைட்டு. பச்சையா இருந்தா ஆளு நல்லா இருக்காரு, செவப்பாச்சுன்னா ஓடணும். போயித் தொட்டா கேள்வி வரும், நோயாளி பதில் சொல்லுவாரு, அதுக்குத் தக்கன மருந்து குடுக்கணும். சரியாப் பண்ணுனா நட்சத்திரம், தப்புன்னா மைனஸ். தூங்கற நோயாளியை எழுப்புனா அதுக்கும் மைனஸ். அது நான் வெச்சது. புள்ளைகளுக்கு சும்மா போயித் தட்டி எழுப்பறதே வேலை, அதுக்குத்தான் வெச்சேன்.

ரொம்ப முடியாமப் போச்சுன்னா திரை சாம்பல் கலருக்கு மாறிரும். "மறுபடி முயற்சி செய்யுங்க"ன்னு எழுத்து வரும். அவ்வளவுதான். யாரும் சாகமாட்டாங்க.

புள்ளைகளுக்கு உசுரு அந்தக் கேம் மேல. முன்னெல்லாம் வகுப்புல தூங்கி விழும். இப்ப லேபுக்கு அடிச்சுப் புடிச்சுட்டு ஓடியாரும். பாஸ் பர்சன்டேஜ் கிடுகிடுன்னு ஏறிருச்சு. ஆய்வுக்கு வந்தவங்க அசந்து போயிட்டாங்க. பிரின்சிபால் எனக்குச் சால்வை போத்துனாரு.

அதுக்கு முன்னால எப்படிச் சொல்லிக் குடுத்தோம்னா, வார்டுலதானுங்க. நானே கட்டில் கட்டிலாக் கூட்டிட்டுப் போவேன். நம்ம சனம் இருக்குதே, சாப்புட்டீங்களான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லும். பசியில காது அடைச்சாலும் ஆச்சுதான். கேக்கறவங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு சொல்றது. சர்க்கரைக்காரங்க விசயத்துல அது ஆகாதுங்களே. சோறு உள்ள போகாம இன்சுலின் போட்டா சர்க்கரை எறங்கி ஆளே போயிருவாங்க. அதனால புள்ளைககிட்டச் சொல்லுவேன், "வாயைக் கேக்காதே அம்மிணி, சோறு கொண்டாந்த தூக்குப்போசியைத் தூக்கிப் பாரு. கனமா இருந்தா இன்னும் சாப்புடல. கையைத் தொட்டுப் பாரு. ஜில்லுனு வேர்த்திருந்தா ஓடு"ம்பேன். எந்தக் கட்டிலுக்குப் போனாலும் மொதல்ல போசியைத் தூக்கச் சொல்லுவேன். எனக்குப் போசி மேடம்னு பேரே வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுட்டிருந்துதுக.

கேம் வந்த பொறவு அதுக்கெல்லாம் நேரம் இல்லீங்க. வார்டு நேரத்தைப் பாதியாக் கொறைச்சாச்சு. கேம்ல எதுக்குப் போசி.

அதைக்கூட அந்தப் பையன் கேட்டான். ஜோயல்னு பேரு, கோயமுத்தூருப் பையன், வெவரமான பையன். "மேடம், நாலாம் கட்டில்ல சர்க்கரை நோயாளி இருக்காரு. சாப்பிட்டீங்களான்னு கேட்டா என்ன சொல்லணும்?"னான். சாப்புட்டிருந்தா ஆமான்னு சொல்லட்டும், இல்லாட்டி இல்லைன்னு சொல்லட்டும்னேன். "பொய் சொல்ற பேஷன்ட் வேணுமா மேடம்? வெக்கலாம். ஆனா கண்டுபிடிக்கத் தட்டு, பாத்திரம், கையோட சூடு எல்லாம் தனியாச் செய்யணும். இன்னும் கொஞ்ச நாள் ஆகும்"னான். அதெல்லாம் எதுக்கு சாமி, புள்ளைக கொழம்பிரும், எதுக்கு மார்க்கைக் கொறைச்சீங்கன்னு எங்கிட்டத்தான் சண்டைக்கு வரும், எங்க கேம்ல நோயாளி சொல்றது எல்லாம் நெசம்னு வெச்சுருன்னேன். "சரிங்க மேடம்"னு எழுதிக்கிட்டான். எத்தனை நாளு வேலை மிச்சம் பாருங்க அந்தப் பையனுக்கு. எதுலயும் ஒரு தெளிவு வேணுமுங்க.

நாலாம் கட்டில்காரருக்குக் குரல் குடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க? எங்கூட்டுக்காரருதான்.

அன்னைக்கு எனக்குக் கொடை கொண்டாந்து குடுக்க வந்தாரு, மழை வரும்னு. ஜோயல் அவரு குரலைக் கேட்டுட்டு, "சார், ரெண்டே வரி, பேசிக் குடுங்க"ன்னு புடிச்சுக்கிட்டான். "ஆம், சாப்பிட்டேன்"னு எழுதிக் குடுத்தான். இவரு மைக்கைப் பாத்தாரு, காயிதத்தைப் பாத்தாரு. "எவன்டா தம்பி இப்படிப் பேசுவான்? பாடப்புஸ்தகமா நான்?"னு கேட்டுட்டு, "ஆச்சும்மா, ஆச்சு"ன்னாரு. ஜோயலுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதையே வெச்சுக்கலாம்னுட்டான். ரெண்டாவது வரி "இன்னும் இல்லம்மா". அது அவருக்கு வாயில வரவே இல்லீங்க. சொன்னாச் சிரிப்பாரு, இல்ல மென்னு முழுங்குவாரு. "இதென்றா, பிச்சை கேக்கற மாதிரி இருக்குது"ம்பாரு. பொழுது போற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி எடுத்தாங்க. கடைசியில ஒண்ணு ஒப்பேறுச்சு. கேம்ல கேட்டீங்கன்னா அந்த வரி மட்டும் யாரோ எழுதிக் குடுத்துப் படிக்கற மாதிரியே இருக்கும்.

அந்தப் புள்ள ரம்யபாரதி அதுலதான் படிச்சா. அந்தியூருப் பக்கம், அவங்கய்யன் எளநிக் கடை வெச்சிருக்காரு. கடைசி வருசம். கேம்ல அவளை அடிச்சுக்க ஆளே கெடையாது. நாலாம் கட்டிலுக்குப் போவா, கேப்பா, "ஆச்சும்மா, ஆச்சு"ன்னு அவரு சொல்லுவாரு, ஊசியைப் போட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருவா. "இன்னும் இல்லம்மா"ன்னு வந்தா நிறுத்திருவா. ஒரு தடவைகூட மைனஸ் வாங்குனது இல்ல. நான் சொல்லிக் குடுத்ததுல ஒரு சொல்லைக்கூட மீறாத புள்ள.

அவளைப் பத்தித்தானுங்க விசாரணை.

எங்கூட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. கால் கட்டைவெரல்ல புண்ணு வந்து ஆறல. எங்க ஆஸ்பத்திரியிலயே சேத்தேன். நமக்கு நம்ம எடம்னா சவுரியமுங்களே. நான் காலைல ஊட்டுல ஆக்கி ரெண்டு போசியில எடுத்துட்டு வருவேன். காலைல ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணு. மத்தியானம் பெல் அடிச்சதும் வார்டுக்குப் போயி ரெண்டு பேரும் சாப்புடுவோம். பெருசாப் பேச்செல்லாம் இருக்காது. அவரும் பேசமாட்டாரு, நானும் கேக்கமாட்டேன். அவரு பாட்டுக்குச் சாப்புடுவாரு, நான் பாட்டுக்குச் சாப்புடுவேன். எங்க கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான், ஒரு சண்டை சச்சரவு இல்ல.

அவரு இருந்த வார்டுல ரம்யாவை ட்யூட்டி போட்டதும் நாந்தான். நல்ல புள்ளையாப் பாத்துப் போட்டேன்.

அன்னைக்கு எங்க காலேஜுல கேம் போட்டிங்க. சுத்துவட்டாரத்துல இருக்கற காலேஜ் புள்ளைக எல்லாம் வந்திருந்துதுக. இந்தப் பை அதுக்கு அடிச்சதுதான். வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்தோம். ஒறம்பரையாட்ட இத்தனை பேரு வந்திருக்கறப்ப நான் எந்திரிச்சுப் போக முடியுமுங்களா? மத்தியானம் போன் போட்டேன். "சாப்டீங்களா?"ன்னேன். "ஆச்சு, ஆச்சு. கேன்டீன்ல வாங்கிக்கிட்டேன். நீ வேலையைப் பாரு"ன்னாரு. சரின்னு வெச்சுட்டேன். வந்தவங்களோட நானும் உக்காந்து சாப்புட்டேன். வடை பாயசத்தோட போட்டிருந்தாங்க.

அந்தப் புள்ள என்ன சொல்றான்னா, ஊசிக்கு நேரமாச்சுன்னு போயிக் கேட்டாளாம். "சாப்டீங்களா சார்?" இவரு "ஆச்சும்மா, ஆச்சு"ன்னாராம். அதே மாதிரியே சொன்னாருங்க மேடம், கேம்ல சொல்ற மாதிரியேங்கறா. ஊசி போட்டிருக்கா. அப்பறம் கொஞ்சம் கழிச்சு அந்தப் பக்கம் போறப்ப கண்ணை மூடிப் படுத்திருந்தாராம். மாட்டியிருக்கற மிசின்ல எல்லாம் பச்சை. எழுப்பல. வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு திரையை இழுத்துவிட்டுட்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் போத்திவிட்டுட்டுப் போயிருக்கா. அவரு தூங்கலீங்க. சர்க்கரை எறங்கிட்டிருந்திருக்குது. அது அந்த மிசின்ல ஒடனே தெரியாதுங்க. தொட்டாத்தான் தெரியும்.

பரிசெல்லாம் குடுத்து முடிச்சுட்டு என் ரூமுக்கு வந்தேன். என் டேபிள் மேல மத்தியானப் போசி அப்படியே இருந்துச்சு. தூக்குனேன். பச்சப்பயிறு கடைஞ்சு வெச்சிருந்தேன், காலைல இருந்த அதே கனம். சரி, சாயங்காலம் குடுத்துக்கலாம்னு எடுத்துட்டு வார்டுக்குப் போனேன். போனப்ப கட்டிலைச் சுத்தி ஆளுக நின்னுட்டிருந்தாங்க. ஐசியூல கொஞ்ச நாள் கெடந்தாரு. கண்ணு தொறக்கல. அப்படியே போயிட்டாரு.

எனக்கு அழுகை வரலீங்க. இன்னைக்கு வரைக்கும் வரல. சடங்குக்கு வந்தவங்க எல்லாம் என்னைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதாங்க, நான் அவங்க முதுகைத் தட்டிக் குடுத்துட்டிருந்தேன். கல்லு மாதிரி உக்காந்திருக்காளேன்னு அவரோட அக்கா, எங்க நங்கையா சொன்னாங்க. சொல்லட்டும். எனக்கு உள்ள ஒண்ணுமே தோணல. மரத்த கால்ல முள்ளுக் குத்துனா எப்படி இருக்கும், அப்படி இருக்குது. குத்துதுன்னு கண்ணு பாக்குது, அவ்வளவுதான்.

விசாரணைதானுங்க கேட்டீங்க. கமிட்டின்னு மூணு பேரு. பிரின்சிபால், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரு, வெளியில இருந்து ஒரு அம்மா. புள்ளையை சஸ்பெண்ட் பண்ணி ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. கேட்டுட்டுத்தான் ஊசி போட்டேன்னு அவ சொல்றதை அவங்க நம்பல. ஸ்டாப் நர்சு சாப்புடப் போயிருந்தாங்க, பக்கத்துக் கட்டில் காலி, அவ கேட்டது யாரு காதுலயும் விழல. கேக்காமயே போட்டுட்டு இப்பப் பொய் சொல்றான்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா பரீட்சை எழுத முடியாது. அதோட படிப்பே போச்சு. அவங்கய்யன் எளநி வித்துப் படிக்க வெச்சது.

கமிட்டியில அந்த வெளியூரு அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "சாப்பிடாத மனுஷன் எதுக்கு சாப்பிட்டேன்னு சொல்லப் போறாரு?"ன்னாங்க. அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியல. கேம்ல அப்படி யாரும் சொன்னது இல்லையே, அவளுக்கு எப்படித் தெரியும். நியாயமான கேள்விதானுங்களே அது?

என்னையும் கேட்டாங்க. கடைசியா எப்பப் பாத்தீங்கன்னாங்க. காலைலன்னேன். மத்தியானம் சாப்பாடு குடுத்தீங்களான்னாங்க. இல்லைன்னேன். அவ்வளவுதான் கேட்டாங்க. இன்னைக்குத்தான் கடைசி. கையெழுத்துப் போடறதுக்குக் கூப்புட்டிருக்காங்க.

போன்ல அவரு எங்கிட்டச் சொன்னதைச் சொன்னீங்களான்னா? அவங்க கேக்கலீங்களே. போன்ல பேசுனது ஊட்டு விசயமுங்க. புருசன் பொண்டாட்டி சாப்புட்டியான்னு கேட்டுக்கறதை எல்லாம் கமிட்டியில சொல்லுவாங்களா? அதுவும் போக, அவரு எங்கிட்டப் பொய் சொல்ற ஆளில்லீங்க. எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லோணும்? யாரையாச்சும் உட்டு வாங்கியாரச் சொல்லியிருப்பாரு, வாங்கப் போனவன் வராமப் போயிருப்பான். கால்ல அத்தாச்சோடு பெரிய கட்டு இருந்துச்சு, அவரே நடந்து போயிருக்க முடியாது. அது எனக்கும் தெரியுமுங்க.

உங்கூட்டுலயும் அப்படித்தானுங்களா? ஓட்டல்ல சாப்புட்டேன்னு சொல்லிட்டு ராத்திரி சோத்துப் போசியைத் தடவிட்டிருப்பாரா? ஆம்பளைகளே அப்படித்தானுங்க. எங்கூட்டுக்காரரும் நான் பேப்பர் திருத்திட்டிருந்தா, "எனக்கு ஆச்சு, நீ மெதுவா வா"ம்பாரு. போயிப் பாத்தாச் சட்டி தொறக்காமயே இருக்கும். எனக்காக உக்காந்திருப்பாரு. கேட்டா, "ஆச்சுன்னு நெனச்சுட்டேன்"ம்பாரு. அது வேறங்க. அது ஊட்டுல.

கேம்ல இருந்து அந்தக் குரலை எடுத்துரட்டுமான்னு ஜோயல் போன் பண்ணுனான். அழுதுட்டே பேசுனான் பாவம். எதுக்கு சாமி எடுக்கறே, இருக்கட்டும்னேன். இன்னொரு ஆளைத் தேடிப் புடிச்சுப் பேச வெக்கோணும், வெட்டி அலைச்சல். லேபுல அத்தனை கம்ப்யூட்டருலயும் இந்நேரம் சொல்லிட்டிருப்பாரு, ஆச்சும்மா, ஆச்சுன்னு. நான் ஒரு தடவை போயி உக்காந்து பாத்தேன். நாலாம் கட்டிலைத் தொட்டேன். நாலு கேள்வி வந்துச்சு. சாப்பிட்டீர்களா, வலி இருக்கிறதா, தூக்கம் வந்ததா, மருந்து எடுத்தீர்களா. அதுல எதையும் கேக்கத் தோணல. கையைத் தொடலாம்னு பாத்தேன். அதுக்குப் பட்டன் இல்லீங்க. நாந்தான் வேண்டாம்னு சொல்லியிருந்தேன்.

இதெல்லாம் கூடப் பரவால்லீங்க. எனக்கு எரிச்சல் எதுலன்னா, அந்தப் புள்ள ரம்யா தெனமும் மத்தியானம் ஒரு மெசேஜ் அனுப்பறா. அவரு போனதுல இருந்து ஒரு நாள் தப்பல. அந்த ஊசி போடற நேரத்துக்கு டாண்ணு வரும். "சாப்டீங்களா மேடம்?" அவ்வளவுதான், வேற ஒண்ணும் இருக்காது. மன்னிச்சுருங்கன்னு கேட்டாலாச்சும் ஒரு அர்த்தம் இருக்குது. விசாரணையில இருக்கற புள்ள டீச்சருக்கு மெசேஜ் போடலாமுங்களா? ஒரு ஒழுங்கு வேண்டாம்? நானும் பதில் போட்டுட்டுத்தான் இருக்கேன், ஆச்சுன்னு. போடலீன்னா மறுபடி கேப்பா. தங்கச்சியும் அப்படித்தான், வாசல்ல கால் வெச்சதும் அதையே கேக்கறா. அவளுக்கும் ஆச்சுதான்.

இந்தா, சத்தம் கேட்டுதுங்களா? அதுதான். சொல்லி வாய் மூடல. "சாப்டீங்களா மேடம்?" பாத்துக்கங்க, நீங்களே பாத்துக்கங்க.

இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். ஆ... ச்சு... பஸ்ஸு குலுக்குதுங்க, எழுத்து தப்புத் தப்பா விழுகுது.

ஏனுங்க, என்ன பண்றீங்க? என் பையை எதுக்குங்க தூக்கறீங்க?

கனமாத்தானுங்க இருக்கும். எவர்சில்வர் போசி.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

இல்லீங்க. தொறக்கலீங்க. பெஞ்சுல உக்காந்தேன், மடியில வெச்சிருந்தேன், பஸ்ஸு வந்துருச்சு, ஏறிட்டேன். நேத்தும் தொறக்கல. பசிக்காம இல்லீங்க. பசிக்குது. கேட்டதும் வாயில அதுதானுங்க வருது, ஆச்சுன்னு. நான் ஒண்ணும் வேணும்னு சொல்றதில்ல. அவரும் வேணும்னு சொல்லியிருக்கமாட்டாருங்க. இப்ப நான் வந்துருவேன்னு நெனைச்சிருப்பாரு. தெனமும் வருவேனே.

அந்தப் புள்ளயும் கேட்டுட்டுத்தானே ஊசி போட்டுது.

இருங்க. அடிச்சதை அழிச்சுக்கறேன். இன்... னும்... இல்ல... ம்மா. சரியா இருக்குதுங்களா? படிச்சுப் பாருங்க. அனுப்பிட்டேன்.

பாத்துட்டா, கோடு ரெண்டும் நீலமாயிருச்சு. என்னமோ எழுதறா.

வந்துருச்சுங்க. "காலேஜ் கேட்டுலதான் நிக்கறேன் மேடம். சோறு கொண்டாந்திருக்கேன். எறங்குனதும் சாப்டலாம்." எனக்கு எதுக்குங்க கொண்டாரா அவ? அவளே ஹாஸ்டல் இல்லாம எங்கயோ தங்கிட்டு இருக்கறா.

அந்தப் போசியை இங்க குடுங்க. மூடி இறுகிக் கெடக்கும், சித்தெ புடிங்க. நீங்களும் ஒரு கை எடுத்துக்கங்க.

ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுமா? அங்க போயி, அவங்க கேக்காட்டியும் நானாச் சொல்லலாமுங்களா? அந்தப் புள்ள கேட்டுது, அவரு ஆச்சுன்னாரு. நானும் கேட்டேன், எங்கிட்டயும் ஆச்சுன்னுதான் சொன்னாரு, நானும் நம்பிட்டேன். இப்படியே சொன்னாப் போதுமுங்களா?